பூச்சியம் என்று எழுதி அனுப்பு

மேல் டிவிஷன்,
பத்தாம் நம்பர் லயம்,
ஆவணி முதலாம் திகதி.

அன்பு மகள் யசோதினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அவருக்கு மட்டும் முழங்கால் வலியும் பிடிவாதமும் இருக்கின்றன, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன், மற்றதற்கு மருந்து கேட்டுத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மருமகன் விஜேந்திரனும் புது வீட்டில் காய்ச்சல் தடிமன் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், ஸ்பீக்கரில் போட்டால் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் இந்த லயத்தின் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்கிறது, அப்படிக் கேட்டதால்தான் இத்தனை கூத்தும் நடந்தது. பெரகலயில் கடை வைத்திருக்கும் மபாஸின் மகள் ஆதிலா அடுத்த கிழமை கனடாவுக்குப் படிக்கப் போகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளும் தேயிலையும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளைப் பிரிக்கும் முன்பு கடிதத்தைப் படி, ஏனென்றால் இதில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு நாள் குறைவு.

பங்குனியில் வீடு வாங்கி, வைகாசியில் ஒரு நாள் அழுதுகொண்டு போன் எடுத்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். வீடு வாங்கும் முன்பு எழுநூற்று எண்பத்தொன்றாக இருந்த உன் கிரெடிட் ஸ்கோர் வீடு வாங்கிய பிறகு எழுநூற்று எட்டுக்கு இறங்கிவிட்டது, ஒரு தவணைகூடத் தவறவில்லை, அப்படியும் ஏன் குறைத்தார்கள் என்று தேம்பினாய். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்களா என்று பார்த்து அந்த நாட்டில் ஆளுக்கு ஆள் போடுகிற மார்க் அது என்று நீ சொன்னது எனக்கு விளங்கியது. உன் அப்பா மொத்தம் எத்தனைக்கு என்று கேட்டார், தொள்ளாயிரத்துக்கு என்றாய், உடனே பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, நூற்றுக்கு எழுபத்தெட்டு வருகிறது என்று கண்டுபிடித்து, "எழுபத்தஞ்சுக்கு மேலன்னா ஏ பாஸ், ஏ எடுத்துட்டு எதுக்கும்மா அழுவுற" என்று கேட்டார். நீ போனை வைத்துவிட்டாய். அவர் அன்று முழுக்க, நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரம் ஆகவில்லை, செத்த வீட்டுத் துட்டிக்கு வருகிற மாதிரி ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி அரைக்கிலோ சீனி கொண்டுவந்தாள், ஒருத்தி பிஸ்கட் பக்கெட் கொண்டுவந்தாள், எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். பக்கத்துக் காம்பரா கருப்பம்மா, முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் இல்லையா, வாசலில் நின்றபடியே "எத்தன கழிச்சானுங்க?" என்று கேட்டாள். எழுபத்து மூன்று என்றேன். "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பானுங்க, கூடைக்கு ஒண்ணு கழிப்பானுங்க, எழுபத்து மூணு கழிக்கிறவன் மனுசனா?" என்று கத்தினாள். நிறுவை இடத்தில் ஒருத்திக்கு அநியாயமாகக் கழித்தால் மற்ற எல்லாப் பெண்களும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கழித்ததைத் திருப்பி எழுதும் வரை நகர மாட்டார்கள், சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீயே பார்த்திருக்கிறாய். அந்த நியாயம் இப்போது உனக்காக எழும்பியது. கனடாவுக்குப் போய்க் கூடையைக் கீழே வைக்க முடியாது, அதனால் மனு எழுதுவது என்று கோயிலடியில் கூடி முடிவெடுத்தார்கள்.

மனு எழுத நம் டிவிஷனில் சுபாஸ் மாஸ்டரை விட்டால் ஆள் யார், பென்ஷன் முதல் தண்ணீர்க்குழாய் வரை எல்லாம் அவர் கைதான். பரீட்சை முடிவில் சந்தேகம் இருந்தால் மீள்திருத்தம் கேட்கிற உரிமை எல்லா நாட்டுக்கும் பொதுவானது, இதற்கும் மீள்திருத்தம்தான் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது, அதை மறைக்க மாட்டேன். மார்க் போடுகிற கம்பனியின் விலாசத்தைப் போனில் தேடி எடுத்தார். மனுவோடு கிராம சேவகர் தந்த நற்சான்றிதழ், கோயில் தலைவர் தந்த இன்னொரு நற்சான்றிதழ், உன் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, கொழுந்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் நான் ஆயாவாக இருந்தபோது பத்திரமாக எடுத்து வைத்த உன் தடுப்பூசி அட்டை எல்லாவற்றின் பிரதிகளும் இணைத்தார்கள். ஏழாம் வகுப்பில் நீ பாதையில் கண்டெடுத்த காதுத் தோட்டை உரியவளிடம் கொடுத்ததையும் எழுத வேண்டும் என்று கருப்பம்மா பிடிவாதம் பிடித்தாள், அதற்கு ஒரு தனிப் பந்தி போனது. அடியில் டிவிஷனின் அறுபத்து நான்கு குடும்பங்களின் கையெழுத்தும் கைநாட்டும், முதலாவது என்னுடையது. பதிவுத் தபாலில் போடும்போது தபால் கந்தோரில் உள்ளே இருப்பதன் மதிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள், உன் அப்பா யோசிக்காமல் "எழுபத்து மூணு" என்றார். ஆகையால், கம்பனியிலிருந்து யாராவது உன்னைக் கூப்பிட்டு இந்தக் கைநாட்டெல்லாம் என்ன என்று கேட்டால் பயப்படாதே, எங்கள் ஆட்கள் என்று சொல்.

ஒரு மாதமாகியும் பதில் வரவில்லை. காரணம் தெரியாமல் உட்கார்ந்திருக்க முடியாது என்று ஆனிக் கடைசியில் நானும் அப்பாவும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனோம். என் பென்ஷன் காசு வருகிற வங்கியில் பரமலிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இருக்கிறார், மரியாதையான மனிதர், எங்களை உட்காரச் சொல்லி முழுக்கதையையும் கேட்டார். மீள்திருத்தம் என்ற இடத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு, "அம்மா, உங்கட பிள்ளை ஒரு பிழையும் விடேல்ல, பெரிய கடன் புதுசா எடுத்தா கொஞ்ச நாளைக்கு உப்பிடித்தான் இறங்கும், பிந்தாமல் கட்டிக்கொண்டு வரட்டும், தானா ஏறும்" என்றார். கடன் கொடுக்கும் முன்பு வங்கி உன் கணக்கைக் கிளறிப் பார்க்குமாம், அதற்கே கொஞ்சம் குறையுமாம். அதுவரை நீ வைத்திருந்த கணக்குகள் பல வருடம் பழகியவை, இது நேற்று வந்த கடன், எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி வயது பார்த்தால் இறங்கித்தானே தெரியும். கடனும் மலை மாதிரி முழுசாக நிற்கிறது, இன்னும் ஒரு மூலைகூடக் கரையவில்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பிள்ளைக் காம்பராவுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதல் ஒரு மாதம் அதை என் காலடியிலேயே வைத்திருப்பேன், கண்ணை எடுக்க மாட்டேன், அது அந்தப் பிள்ளை செய்த குற்றம் இல்லை, எனக்கு அதை இன்னும் தெரியாது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் "அதேதான் அம்மா" என்று அவர் மேசையைத் தட்டினார். கார்டில் ஏதாவது பெரிய சாமான் வாங்கினாளா, கார்டின் எல்லை வரைக்கும் இழுத்தால் அதுவும் மார்க்கைக் குறைக்கும் என்று கேட்டார், என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் கருப்பம்மாவின் மகள் பேஸ்புக்கில் உன் சாம்பல் நிறச் சோபாவைக் காட்டுகிறாள். ஆறு பேர் உட்காரலாம் போலிருக்கிறது, நீங்கள் இரண்டு பேர்தானே யசோதினி, மற்ற நான்கு பேர் யார்?

உன் மார்க் விஷயம் அத்தோடு எனக்குத் தீர்ந்தது, ஆனால் உன் அப்பாவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. நம் நாட்டிலும் கடன் வாங்கியவர்களைப் பற்றி இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று பரமலிங்கம் ஐயா சொன்னார், அப்பா உடனே அடையாள அட்டையை எடுத்து நீட்டி, என்னுடையதைப் பாருங்கள் என்றார். எந்த வங்கியிலும் ஒரு சதம் கடன் எடுக்காதவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இருக்காது என்று அவர் பக்குவமாகச் சொன்னார். பெக்டரியில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து ஒருவருக்கும் கடன் வைக்காத மனிதர், தனக்கு ஒரு மார்க்கும் இல்லை என்றதும் முகம் சுருங்கிப் போனார். அப்படியானால் இந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே மார்க் மகளுடையதுதான் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழும்பும்போது "ஐயா, அங்க பாக்குறவங்க இங்க எங்களையும் பாப்பாங்களா?" என்று கேட்டார். அடுத்த ஆளின் புத்தகத்தில் சீல் குத்திக்கொண்டிருந்த ஐயா, ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "இப்ப எல்லாம் கொம்பியூட்டர்தானே, எங்க இருந்தும் பாக்கலாம்" என்றார். பண்டாரவளையில் பஸ் நின்றபோது அப்பா வடைகூட வாங்கவில்லை, நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இனி உனக்குச் சொல்லாமல் மறைத்ததைச் சொல்கிறேன், திட்டாதே. போன வருட மழையில் நம் லயத்துக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் போகிற அளவு, இப்போது என் கை மணிக்கட்டு வரை போகிறது. அதிகாரிகள் வந்து அளந்து பார்த்துவிட்டு, சிவப்பு நோட்டீஸ் ஒட்டி, பன்னிரண்டு குடும்பத்துக்கும் கீழே சமதரையில் வீடு கட்டித் தந்திருக்கிறார்கள். ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணி, இரண்டு அறை, உள்ளேயே கக்கூசு, வாசலில் நம்பர். பதினொரு குடும்பமும் கையெழுத்துப் போட்டுவிட்டது. செப்டம்பர் முப்பதுக்குள் போடாவிட்டால் நம் வீடு பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், அதன் பிறகு ஐப்பசி மழை. மீரியபெத்தயில் ஒரு ஐப்பசிக் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை, அன்று நீயும்தான் என் மடியில் படுத்து அழுதாய். உன் அப்பா மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஏன் என்றால், "வீடு எடுத்தா மார்க் குறையும், ஆபீசர் ஐயாவே சொன்னாருல்ல" என்கிறார். மார்க்கே இல்லாத மனிதருக்கு எதிலிருந்து குறையும் என்று கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உனக்குத் தெரியும். மார்க்தானே வேண்டும், நானே போடுகிறேன் என்று அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் உன் அப்பா பெயரைப் போட்டு, ரெங்கசாமி எழுநூறு என்று எழுதினேன். கையெழுத்துப் போடாத ஒவ்வொரு நாளைக்கும் நாற்பது குறையும் என்றேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள், கருப்பம்மா காலையில் பல் விளக்கும் முன்பே வந்து இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போனாள். வெட்கத்திலாவது இறங்கி வருவார் என்று நினைத்தேன். பத்தே நாளில் முன்னூறுக்கு வந்தார். பதினோராவது நாள் நான் கரியை எடுத்தபோது, "முன்னூறுக்குக் கீழ போகாது, கனடாவுல அதுதான் கடைசி, மாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெடிப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார். இந்த மனிதரோடு நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியதற்கு எனக்கு யார் மார்க் போடுவது?

போன சனிக்கிழமை அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது கலண்டருக்குப் பின்னால் அந்த வீட்டுப் படிவம் மடித்துச் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தால் அவருடைய முத்து முத்தான எழுத்தில் எல்லாம் நிரப்பியிருக்கிறார். குடும்ப அங்கத்தவர் எவருக்கேனும் வேறு வீடு உண்டா என்று கேட்கிற ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது, எழுதி எழுதி அழித்ததில் தாள் தேய்ந்து மறுபக்கம் தெரிகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார். தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான், அது என்றைக்கும் உள்ள சட்டம். நம் குடும்பப் பதிவில் மூன்றாவது பெயராக நீ இன்னும் இருக்கிறாய். உனக்கு அங்கே வீடு கிடைத்ததற்கே எழுபத்து மூன்றைக் கழித்தார்கள், இப்போது அதே குடும்பத்தில் இன்னொரு வீடு என்று கொம்பியூட்டரில் பார்த்தால் உன்னை முன்னூறுக்குத் தள்ளி வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்கள். உண்டு என்று எழுதினால் நமக்கு வீடு இல்லை, இல்லை என்று எழுதினால் பொய், பொய் பிடிபட்டால் உனக்குத்தான் ஆபத்து. "அவ பத்து வருசமா பனியில கெடந்து சம்பாரிச்ச வீடு லெட்சுமி, நமக்கு இந்தக் காம்பரா போதும், மழை வந்தா கோயில்ல போயிப் படுத்துக்கலாம்" என்றார். கோயிலும் அதே மண்ணில்தான் இருக்கிறது என்று கத்த வாயெடுத்தேன், அவருக்குப் பின்னால் சுவரில் அந்த முன்னூறு கண்ணில் பட்டது. அத்தனை நாளும் சுவரில் கரியால் எழுதி ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது, முந்தானையை நனைத்து அந்த முன்னூறை அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் கிராம சேவகரிடம் போய் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டு, கனடாவில் இருக்கிற வீடு எங்கள் கணக்கில் வராது, அப்படியும் ஐயாவுக்குச் சந்தேகம் என்றால் மகளின் பெயரைக் குடும்பப் பதிவிலிருந்து வெட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை என்றார். வந்து சொன்னேன். உன் அப்பா எழும்பி நின்று, "நான் உசுரோட இருக்கும்போது எம்மக பேர வெட்ட மாட்டேன், மண்ணு வந்து மூடினாலும் பரவால்ல" என்றார். வருடா வருடம் பதிவு பார்க்க வருகிறவர்களிடம், அவள் வெளியே போயிருக்கிறாள், வருவாள் என்றுதான் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீ கடைக்குப் போயிருக்கிற மாதிரி. உண்மையைச் சொன்னால் எனக்கும் வெட்ட மனமில்லை கண்ணு, கிராம சேவகர் பேனாவை எடுத்தபோது நான்தான் இருங்கள், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஓடிவந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே வந்தார். "மகளுக்கு எழுதும்போது ஒண்ணு கேட்டு எழுது. நாங்க புது வீட்டுக்குப் போனா அவளுக்கு எத்தன மார்க் குறையும்? பத்துக்குள்ளன்னா போவோம், அதுக்கு மேலன்னா நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்றார். இப்போது தெரிகிறதா உனக்கு என்ன வேலை என்று. போனில் சொல்லாதே, தோட்டத்தில் வாயால் சொன்னது எது நடந்திருக்கிறது என்று கேட்பார். எழுத்தில் வர வேண்டும். ஒரு தாளில் பூச்சியம் என்று எழுது, எண்ணிலும் எழுது, எழுத்திலும் எழுது, கீழே கையெழுத்துப் போட்டு உன் வேலையிடத்துச் சீல் எதுவாவது ஒன்றைக் குத்து, என்ன சீல் என்று அவர் பார்க்க மாட்டார், நீல மையாக இருந்தால் போதும். உன் வீடு உன்னுடையது, எங்கள் வீடு எங்களுடையது, பதிவில் பெயர் அப்படியே இருக்கலாம் என்றும் இரண்டு வரி சேர்த்துக்கொள். பதிவுத் தபாலில் அனுப்பு. அதை லயத்து விலாசத்துக்கு அனுப்பாதே, கீழே நான் எழுதியிருக்கும் புது விலாசத்துக்கு, அப்பாவின் பெயருக்கு அனுப்பு. பதிவுத் தபாலைப் பெயருக்குரியவர் கையெழுத்துப் போட்டு அந்த வாசலில்தான் வாங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து நமக்கு வந்த தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசில் கிடந்து யார் யாரோ கையால் வந்ததுதான், வாசலுக்குத் தபால் வரும் என்றதும் மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார்.

மருமகனைக் கேட்டதாகச் சொல்லு. தவணையை ஒரு நாளும் பிந்தாதே, சோபாக் கடனைச் சீக்கிரம் கட்டி முடி, புதிதாக ஒன்றும் கார்டில் இழுக்காதே, மார்க் தானாக ஏறும். ஏறாவிட்டாலும் நீ என் மகள்தான், அறுபத்து நான்கு குடும்பம் கையெழுத்துப் போட்ட பிள்ளை. அம்மன் உங்கள் இருவரையும் கண் போலப் பார்த்துக்கொள்ளட்டும். பதில் மட்டும் செப்டம்பர் இருபதுக்குள் இங்கே வந்துவிட வேண்டும், மறக்காதே. இன்று காலை உன் அப்பாவைக் காணவில்லை, தேடிக்கொண்டு இறங்கிப் போனேன். கையெழுத்துப் போடாததால் புது வீட்டுச் சாவி இன்னும் தரவில்லை, பூட்டின கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதம் இன்னும் நான் எழுதியே முடிக்கவில்லை என்றேன். "தபால்காரர் வர்றப்ப ஆள் இல்லாமப் போயிறக் கூடாதுல்ல" என்கிறார்.

இப்படிக்கு,
உன் வருகையையும் பதிலையும் எதிர்பார்க்கும் அம்மா,
ரெ. விஜயலெட்சுமி.

பதில் அனுப்ப வேண்டிய விலாசம்:
திரு. ரெங்கசாமி,
இல. 12, மல்லிகைபுரம்,
பெரகல.